சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன்

சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் (டிசம்பர் 6, 1878 – மே 12, 1937) ஒரு பிரித்தானிய நரம்பியல் மருத்துவர் ஆவார். கல்லீரலையும் மூளையையும் ஒருசேரத் தாக்கும் அரிய மரபுவழி நோய் ஒன்றை 1912 ஆம் ஆண்டில் முதன்முதலாக விரிவாகவும் ஒழுங்காகவும் விளக்கியவர் இவரே. அந்நோய் இவர் பெயரால் வில்சன் நோய் என்று அழைக்கப்படுகின்றது. உடலில் செம்பு வெளியேறாமல் தேங்குவதே இந்நோயின் காரணம் என்பது வில்சன் மறைந்த பின்னரே உறுதி செய்யப்பட்டது. அவர் வாழ்ந்த காலத்தில் இந்நோய்க்கு மருந்து இல்லை. நோய் கண்டவர்கள் பெரும்பாலும் இளம் வயதிலேயே இறந்தனர். தற்காலத்தில் உரிய நேரத்தில் கண்டறியப்பட்டுத் தொடர்ந்து மருந்து உட்கொள்வோர் பெரும்பாலும் இயல்பான வாழ்வை வாழ முடிகின்றது.

பிறப்பும் இளமையும்

வில்சன் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள சீடர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவருடைய தந்தை அயர்லாந்தில் பிறந்தவர். பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் போதகர். வில்சன் கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். அதன் பின்னர் குடும்பம் அமெரிக்காவை விட்டு இசுக்காட்லாந்தின் எடின்பரோ நகரில் குடியேறியது. வில்சன் அங்கேயே வளர்ந்தார்.

கல்வி

எடின்பரோவில் உள்ள ஜார்ஜ் வாட்சன் கல்லூரி என்னும் பள்ளியில் படித்த வில்சன், பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1902 இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் உடலியங்கியலில் அறிவியல் இளநிலைப் பட்டமும் பெற்றார். எடின்பரோ அரச மருத்துவமனையில் பைரம் பிராம்வெல் என்ற புகழ்பெற்ற மருத்துவரிடம் உதவி மருத்துவராகப் பணியாற்றினார். நரம்பு நோய்களில் பிராம்வெல் கொண்டிருந்த ஆழ்ந்த ஈடுபாடு வில்சனையும் அத்துறைக்கு ஈர்த்தது.

கார்னகி உதவித்தொகை பெற்று வில்சன் பாரிஸ் சென்றார். அங்கு பிசேத்ர் மருத்துவமனையில் பியேர் மரியிடம் பயின்றார். யோசெப் பாபின்ஸ்கியின் பணிகளையும் நேரில் அறிந்துகொண்டார். பின்னர் சில காலம் செருமனியின் லைப்சிக் நகரிலும் கற்றார். பிரெஞ்சு மொழியில் அவர் பெற்ற தேர்ச்சி பிற்காலத்தில் பெரிதும் பயன்பட்டது. தன்னையறியாத உடல் துடிப்புகள் பற்றி மேழ், ஃபாண்டெல் ஆகிய இருவரும் பிரெஞ்சில் எழுதிய நூலை வில்சன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு 1907 இல் வெளியானது.

இலண்டனில் பணி

1904 இல் வில்சன் இலண்டன் குயின் ஸ்குவேரில் உள்ள தேசிய மருத்துவமனையில் சேர்ந்தார். நரம்பு நோய்களுக்கு என்றே நிறுவப்பட்ட இம்மருத்துவமனை அக்காலத்தில் உலகின் முதன்மையான நரம்பியல் மையங்களுள் ஒன்றாக விளங்கியது. வில்லியம் கவர்ஸ், ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன், விக்டர் ஹோர்ஸ்லி முதலிய அறிஞர்களின் தொடர்பு இவருக்கு இங்குக் கிடைத்தது. நோயியல் ஆய்வாளராகவும் பணியாற்றியதால், நோயாளிகளை உயிருடன் இருக்கும்போது பரிசோதித்த வில்சனே அவர்கள் இறந்த பின் உடற்கூறாய்வு செய்து, மூளையை நுண்நோக்கியில் ஆராயும் வாய்ப்பையும் பெற்றார். நோய்க்குறியையும் உடலுறுப்பின் சிதைவையும் ஒருவரே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தமை இவருடைய கண்டுபிடிப்புக்கு அடிப்படையாக அமைந்தது.

மூளைப் பாதிப்பினால் பழகிய செயல்களைச் செய்ய முடியாமல் போகும் நிலை பற்றி 1908 இல் இவர் எழுதிய கட்டுரை, ஆங்கிலம் பேசும் மருத்துவர்களுக்கு அத்துறையில் வழிகாட்டியாக அமைந்தது. பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலும் நரம்பியல் மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றினார்.

1912 ஆம் ஆண்டு ஆய்வு

முன்னோடிகள்

வில்சனுக்கு முன்பே சில மருத்துவர்கள் இந்நோயின் தனித்தனிக் கூறுகளைக் கண்டிருந்தனர். கவர்ஸ் 1888 இல், உடல் விறைப்பும் கட்டுப்பாடற்ற அசைவுகளும் கொண்டு இறந்த ஓர் இளம் நோயாளிக்குக் கல்லீரலும் கெட்டிருந்ததைப் பதிவு செய்தார். ஆர்மெரோட் 1890 இல் இத்தகைய இன்னொரு நோயாளியைப் பற்றி எழுதினார். பின்லாந்தைச் சேர்ந்த ஹோமேன், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று உடன்பிறப்புகள் இவ்வாறு நோயுற்றதை விவரித்தார். எனினும் அதனைப் பெற்றோர் வழி வந்த மேகநோயின் விளைவு என்று கருதினார். செருமனியில் வெஸ்ட்பால், ஸ்ட்ரும்பெல் ஆகியோர் இதனை ஒத்த நிலைக்கு வேறு பெயர் சூட்டியிருந்தனர். இவையெல்லாம் ஒரே நோய் என்பதை எவரும் எடுத்துக் காட்டியிருக்கவில்லை.

ஆய்வேடு

வில்சன் தாமே பார்த்த நான்கு நோயாளிகளையும், மருத்துவமனையின் பழைய பதிவேடுகளிலும் மருத்துவ இதழ்களிலும் தேடிக் கண்ட பிறரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரின் வரலாறுகளைத் தொகுத்தார். இவ்வாய்வை முனைவர் நிலை மருத்துவப் பட்டத்திற்காக எடின்பரோ பல்கலைக்கழகத்திற்கு 1911 இல் அளித்தார். பல்கலைக்கழகம் அதற்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1912 இல் பிரெயின் என்னும் நரம்பியல் இதழில் இது வெளியானது. இதழின் 295 ஆம் பக்கம் முதல் 509 ஆம் பக்கம் வரை, அதாவது இருநூறு பக்கங்களுக்கும் மேலாக அக்கட்டுரை நீண்டது. அப்போது வில்சனுக்கு வயது 33.

கண்டறிந்தவை

வில்சன் விளக்கிய நோயின் முதன்மையான கூறுகள் வருமாறு:

- நோய் இளம் வயதினரைத் தாக்குகின்றது. ஒரே குடும்பத்தில் உடன்பிறந்தோர் பலருக்கு வருவதுண்டு.
- கைகால் நடுக்கம், தசை விறைப்பு, பேச்சுக் குழறுதல், விழுங்குவதில் இடர்ப்பாடு, உடல் மெலிதல் ஆகியவை படிப்படியாக மிகுகின்றன.
- காரணமின்றிச் சிரிப்பதும் அழுவதும் காணப்படுகின்றன. சிலருக்கு மனநிலை மாற்றங்களும் ஏற்படுகின்றன.
- மூளையின் ஆழத்தில் வில்லை வடிவில் அமைந்த நரம்பணுத் திரள் இருபுறமும் ஒரே சீராகச் சிதைந்து, சிலரில் குழிவிழுந்தும் காணப்படுகின்றது.
- கல்லீரல் திசு அழிந்து, தழும்பேறி, முடிச்சு முடிச்சாக இறுகியிருக்கின்றது. மருத்துவத்தில் இது சிரோசிஸ் எனப்படுகின்றது. ஆயினும் நோயாளி உயிருடன் இருக்கும்போது கல்லீரல் நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை.

இவற்றுள் கடைசிக் கூறு மிகவும் முக்கியமானது. நடுங்கும் கைகளையும் குழறும் பேச்சையும் மட்டும் பார்த்த மருத்துவருக்குக் கல்லீரலை ஐயுற எந்தக் காரணமும் இருக்கவில்லை. உடற்கூறாய்வு மேசையில்தான் மூளையும் கல்லீரலும் ஒன்றுக்கொன்று தொடர்புடையனவாக வெளிப்பட்டன. இத்தொடர்பு தற்செயலானதன்று, நோயின் உள்ளியல்பே என்று வில்சன் உறுதியாக நிலைநாட்டினார்.

உடல் அசைவைக் கட்டுப்படுத்துவது மூளையின் மேற்பரப்பில் இருந்து இறங்கும் பிரமிடு நரம்புத் தடம் மட்டுமே என்ற கருத்து அன்று நிலவியது. இந்நோயாளிகளிடம் அத்தடம் பழுதுபடாமல் இருந்தும் அசைவுகள் சீர்குலைந்திருந்தன. எனவே அசைவை ஆளும் இன்னொரு மண்டலமும் மூளையில் உண்டு என வில்சன் காட்டினார். இதனைக் குறிக்க அவர் வழங்கிய எக்ஸ்ட்ராபிரமிடல் என்னும் சொல் நரம்பியலில் நிலைபெற்றது. பார்க்கின்சன் நோய் முதலிய இயக்கக் கோளாறுகளைப் புரிந்துகொள்ளவும் இக்கருத்து உதவியது.

வில்சன் அறியாதவை

நோயின் காரணத்தைப் பொறுத்தவரை வில்சன் பாதி வழியே சென்றார். நோயுற்ற கல்லீரலில் உண்டாகும் நச்சுப்பொருள் ஒன்று இரத்தத்தில் கலந்து மூளையைச் சிதைக்கின்றது என்று அவர் கருதினார். அந்த நச்சுப்பொருள் எது என்று அவரால் சொல்ல இயலவில்லை. கல்லீரலில் தேங்கி நிரம்பி வழியும் செம்பு மூளையைச் சென்றடைகின்றது என்பது இன்று அறியப்பட்ட உண்மை. ஆகவே அவருடைய ஊகம் திசை தவறவில்லை எனலாம்.

கண்ணின் கருவிழி விளிம்பில் தோன்றும் பழுப்பு அல்லது பச்சை நிற வளையம் இந்நோயின் சிறந்த அடையாளமாகும். கெய்சர் 1902 இலும் ஃப்ளைஷர் 1903 இலும் இவ்வளையத்தைச் செருமானிய மருத்துவ இதழ்களில் விவரித்திருந்தனர். வில்சனின் 1912 ஆம் ஆண்டுக் கட்டுரையில் இவ்வளையம் இடம்பெறவில்லை. செம்பு படிவதால் உண்டாகும் இது கெய்சர்–ஃப்ளைஷர் வளையம் என்று வழங்கப்படுகின்றது.

மரபு பற்றிய முடிவிலேயே வில்சன் பெரிதும் தவறினார். நோய் குடும்பத்தில் காணப்படுகின்றது. ஆனால் பரம்பரையாக வருவதன்று என்பது அவர் கருத்து. நோயாளிகளின் பெற்றோர் நலமாக இருந்ததும், நோய் ஒரு தலைமுறையில் இருந்து அடுத்த தலைமுறைக்கு இறங்காததும் அவரை இம்முடிவுக்குக் கொண்டு சென்றன. உண்மையில் பெற்றோர் நலமாக இருக்க, பிள்ளைகளுள் சிலர் மட்டும் நோயுறுவது ஒடுங்கு மரபின் இயல்பாகும். வேதிமாற்றக் குறைபாடுகள் இவ்வாறு மரபுவழி வரக்கூடும் என்பதை ஆர்ச்சிபால்ட் கரோட் 1908 இல் அதே இலண்டனில் தம் சொற்பொழிவுகளில் விளக்கியிருந்தார். இரு கருத்துகளும் இணைவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அக்கால நோயாளிகளின் நிலை

வில்சன் விவரித்த நோயாளிகள் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களும் ஆவர். நோயின் தொடக்கத்தில் கை நடுக்கமோ கையெழுத்து மாற்றமோ தோன்றும். பின்னர் உணவுக் கரண்டியைப் பிடிக்கவும், ஆடை அணியவும், நடக்கவும் இயலாமல் போகும். வாய் திறந்தபடியே இறுகி, எச்சில் ஒழுகும். பேச்சு முற்றிலும் நின்றுபோன பின்னரும் சுற்றி நடப்பதைப் பலர் புரிந்துகொண்டனர். விரைவாகத் தாக்கிய நோய் சில மாதங்களிலும், மெதுவாகச் சென்ற நோய் சில ஆண்டுகளிலும் உயிரைப் பறித்தது.

ஒரு பிள்ளையை இழந்த பெற்றோர், அதே நடுக்கம் இன்னொரு பிள்ளையின் கையிலும் தொடங்குவதைக் காண நேர்ந்தது. மூத்த பிள்ளைக்கு நோய் வந்த பின்னரும் இளைய பிள்ளைக்கு வருமா என்பதை முன்கூட்டியே அறிய வழி இருக்கவில்லை. செயலற்றுப் போனவர்களுக்கு உணவூட்டிப் பேணுவது ஒன்றே மருத்துவமனையால் செய்யக்கூடியதாக இருந்தது. நோய் முன்னேறிச் சென்று மரணத்தில் முடியும் என்பதே வில்சனின் முடிவாகவும் இருந்தது. அவர் காலத்தில் அம்முடிவை மறுக்கக்கூடிய சான்று எதுவும் கிடைக்கவில்லை.

பிற ஆய்வுகள்

1914 இல் வில்சன் குரங்குகளில் நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டார். மூளையின் ஆழப் பகுதிகளில் துல்லியமாகச் சிறு காயங்களை ஏற்படுத்தும் கருவியை ஹோர்ஸ்லியும் கிளார்க்கும் முன்பே உருவாக்கியிருந்தனர். அதனைப் பயன்படுத்தி இவர் செய்த ஆய்வில், அப்பகுதியில் ஏற்படும் காயம் மட்டும் குரங்குகளுக்கு முடக்குவாதத்தை உண்டாக்கவில்லை எனத் தெரியவந்தது.

கட்டுப்பாடற்ற சிரிப்பும் அழுகையும் பற்றி 1924 இல் ஒரு கட்டுரை எழுதினார். முகத்தில் தோன்றும் அழுகை நோயாளியின் உள்ளத்தில் உள்ள துயரத்தைக் காட்டுவதாக இருக்க வேண்டியதில்லை என்பதை அது விளக்கியது. 1925 இல் அரச மருத்துவர் கல்லூரியில் குரூனியன் சொற்பொழிவுகளை ஆற்றினார். அசைவுக் கோளாறுகளும் தசை இறுக்கமும் அவற்றின் பொருளாக இருந்தன. பேச்சிழப்பு, வலிப்பு, திடீர்த் தூக்கநோய் ஆகியவை பற்றியும் எழுதியுள்ளார்.

1920 களின் நடுப்பகுதியில் குயின் ஸ்குவேர் மருத்துவமனையில் இயக்கக் கோளாறு உடைய நோயாளிகளைப் படம்பிடித்து ஒரு திரைப்படமும் உருவாக்கினார். எழுத்தில் விவரிக்க இயலாத அசைவுகளை மாணவர்களுக்குக் காட்ட இம்முறை உதவியது. இப்படம் இன்றும் எஞ்சியுள்ளது. 2011 இல் இது பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது.

இதழாசிரியர்

1920 இல் வில்சன் நரம்பியலுக்கும் உளநோயியலுக்கும் உரிய புதிய ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். இறக்கும் வரை அதன் ஆசிரியராக இருந்தார். இவ்விதழ் பின்னர்ப் பெயர் மாற்றம் பெற்று, நரம்பியல், நரம்பு அறுவை மருத்துவம், உளமருத்துவம் ஆகிய மூன்று துறைகளுக்கும் உரியதாகத் தொடர்ந்து வெளிவருகின்றது.

ஆசிரியராகவும் மருத்துவராகவும்

வில்சன் உயர்ந்த தோற்றமும் கணீரென்ற குரலும் உடையவர். இவருடைய விளக்க வகுப்புகள் நாடகத்தன்மை வாய்ந்தவையாக இருந்தன; பிற நாடுகளில் இருந்தும் மருத்துவர்கள் அவற்றைக் கேட்க வந்தனர். பிற்காலத்தில் புகழ்பெற்ற நரம்பியலாளர் மக்டொனால்ட் கிரிச்லி இவரிடம் பயின்றவர்களுள் ஒருவர்.

தம் ஆற்றலில் பெருமிதம் கொண்டவர், பிறர் கருத்தை எளிதில் ஏற்காதவர் என்றும் இவரைப் பற்றிச் சமகாலத்தவர் எழுதியுள்ளனர். நோயாளிகளிடம் காட்டிய பரிவைவிட நோயின் மீது கொண்ட ஆர்வமே மிகுதி என்ற குறையும் சொல்லப்பட்டது. மருந்தற்ற நோய்களையே பெரும்பாலும் கண்ட அன்றைய நரம்பியலில், நோயைச் சரியாக இனங்காண்பதும் இறந்த பின் காரணத்தைத் தேடுவதுமே மருத்துவரின் முதன்மையான பணியாகக் கருதப்பட்டன என்பதும் கருதத்தக்கது.

குடும்பம்

வில்சன் 1913 இல் ஆனி லூயிசா புரூஸ் என்பவரை மணந்தார். இவர் எடின்பரோவின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் அலெக்சாண்டர் புரூசின் மகள். இத்தம்பதியருக்கு மூன்று பிள்ளைகள். மகன்களுள் ஒருவரான ஜேம்ஸ் கின்னியர் வில்சன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அசீரியவியல் அறிஞராக விளங்கினார். பாபிலோனிய ஆப்பெழுத்துப் பலகைகளில் காணப்படும் வலிப்பு முதலிய நரம்பு நோய்க் குறிப்புகளையும் அவர் ஆராய்ந்தார்.

இறப்பு

வில்சன் 1937 மே 12 அன்று புற்றுநோயால் இலண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. அவர் எழுதி வந்த நரம்பியல் பெருநூல் அச்சேறாமல் இருந்தது. மனைவியின் உடன்பிறந்தவரான நினியன் புரூஸ் அதனைப் பதிப்பித்து, 1940 இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.

மறைவுக்குப் பின் நோயின் வரலாறு

மரபும் செம்பும்

ஹால் என்பவர் 1921 இல் பாரிசில் வெளியிட்ட நூலில், இந்நோய் ஒடுங்கு மரபாக வருவது என்ற கருத்தை முன்வைத்தார். பேர்ன் 1950 களில் தொடங்கிப் பல குடும்பங்களை ஆராய்ந்து, 1960 இல் இதனை உறுதிப்படுத்தினார். தாய், தந்தை இருவரும் ஆளுக்கொரு பழுதான மரபணுவைத் தாங்கியிருந்தால், அவர்கள் நலமாகவே இருப்பர். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

செம்பு பற்றிய முதல் குறிப்பு வில்சன் காலத்திலேயே வந்துவிட்டது. ரும்பெல் 1913 இல் ஒரு நோயாளியின் கல்லீரலில் செம்பு மிகுந்திருப்பதைக் கண்டார். எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1948 இல் கியூமிங்ஸ், நோயாளிகளின் மூளையிலும் கல்லீரலிலும் செம்பு பெருமளவு தேங்கியிருப்பதை நிறுவினார். அவர் பணியாற்றியது வில்சன் பணியாற்றிய அதே குயின் ஸ்குவேர் மருத்துவமனை ஆகும். 1952 இல் ஷைன்பெர்க், கிட்லின் இருவரும், இரத்தத்தில் செம்பைத் தாங்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் இந்நோயாளிகளிடம் குறைந்திருப்பதைக் கண்டறிந்தனர்.

மருந்து

லூயிசைட் என்னும் ஆர்செனிக் நச்சுப்பொருளுக்கு மாற்றாக, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் உருவாக்கிய மருந்து பி.ஏ.எல். ஆகும். லூயிசைட் முதல் உலகப் போரின் இறுதியில் தயாரிக்கப்பட்டும் களத்தில் பயன்படுத்தப்படவில்லை. இம்முறிமருந்து உடலில் உள்ள செம்பையும் பற்றி வெளியேற்றும் என்பதால், டென்னி-பிரவுன், போர்ட்டர் ஆகியோர் 1951 இல் வில்சன் நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்து முன்னேற்றம் கண்டனர். டென்னி-பிரவுன் இளமையில் குயின் ஸ்குவேரில் பணிபுரிந்தவர். தசையில் ஆழமாகச் செலுத்த வேண்டிய இவ்வூசி மிகுந்த வலி தரக்கூடியது; நீண்ட காலம் கொடுக்க ஏற்றதன்று.

1955 இல் பாஸ்டன் நகரில் இருந்த பிரித்தானிய மருத்துவர் ஜான் வால்ஷ், டென்னி-பிரவுனின் நோயாளி ஒருவரைப் பார்க்க நேர்ந்தது. பென்சிலின் மருந்து உடலில் சிதையும்போது உண்டாகும் பென்சிலமின் என்ற பொருளை வால்ஷ் முன்பே ஆராய்ந்திருந்தார். அதன் வேதி அமைப்பு செம்பைப் பற்றக்கூடியது என்று அவருக்குத் தோன்றியது. நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் அம்மருந்தைத் தாமே உட்கொண்டு பார்த்தார். 1956 இல் முடிவுகள் வெளியாயின. வாயால் உட்கொள்ளக்கூடிய மருந்து இந்நோய்க்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. பென்சிலமினை ஏற்க இயலாத நோயாளிகளுக்காக 1969 இல் டிரையன்டின் என்ற மருந்தையும் வால்ஷ் அறிமுகப்படுத்தினார். குடலில் செம்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் துத்தநாக மருத்துவம் 1961 இல் நெதர்லாந்தில் ஷௌவிங்க் என்பவரால் விளக்கப்பட்டது.

நோய் வருமுன் காத்தல்

1968 இல் ஸ்டெர்ன்லீப், ஷைன்பெர்க் ஆகியோர் முக்கியமான ஓர் உண்மையை வெளியிட்டனர். நோயாளியின் உடன்பிறந்தோரைப் பரிசோதித்து, அறிகுறி தோன்றும் முன்பே மருந்து தொடங்கினால் நோய் வெளிப்படாமலே தடுக்கலாம் என்பதே அது. வில்சன் காலத்துக் குடும்பங்கள் எதிர்கொண்ட நிலை இதனால் மாறியது. ஒரு பிள்ளையின் நோய் மற்றப் பிள்ளைகளைக் காப்பதற்கான முன்னறிவிப்பாக ஆயிற்று.

மரபணு

1993 இல் இந்நோய்க்குரிய மரபணு 13 ஆம் நிறப்புரியில் கண்டறியப்பட்டது. அதற்கு ஏ.டி.பி.7பி என்று பெயர். கல்லீரல் அணுக்களில் மிகுதியான செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றுவதும், செருலோபிளாஸ்மினுடன் செம்பைச் சேர்ப்பதும் இம்மரபணு உருவாக்கும் புரதத்தின் பணிகளாகும். இப்புரதம் பழுதுபட்டால், உணவின் வழியே நாள்தோறும் சேரும் சிறிதளவு செம்பு வெளியேறாமல் ஆண்டுக்கணக்கில் கல்லீரலில் தேங்கும். பின்னர் அது இரத்தத்தில் கலந்து மூளை, கண், சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் படியும். பிறவியிலேயே உள்ள குறைபாடு பல ஆண்டுகள் கழித்து வெளிப்படுவதற்குக் காரணம் இதுவே.

இந்நோயுடன் வாழ்தல்

வில்சன் நோய் ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. நெருங்கிய உறவில் மணம் புரியும் வழக்கம் உள்ள சமூகங்களில் இத்தகைய ஒடுங்கு மரபு நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு மிகுதி. மாமன், அத்தை பிள்ளைகளிடையே திருமணம் செய்யும் மரபுடைய தென்னிந்தியாவுக்கும் இது பொருந்தும்.

நோயாளி வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டும். உடல்நலம் தேறிவிட்டது என்று எண்ணி மருந்தை நிறுத்தியவர்கள் கடும் கல்லீரல் செயலிழப்புக்கு ஆளாகி இறந்துள்ளனர். பென்சிலமின் தொடங்கும்போது சிலருக்கு நரம்பு அறிகுறிகள் மேலும் மோசமாவதும் உண்டு. எனவே மருத்துவரின் தொடர்ந்த கண்காணிப்பு தேவை. ஈரல் இறைச்சி, சிப்பி வகைகள், காளான், கொட்டைப் பருப்புகள், சாக்கலேட் ஆகிய செம்பு மிகுந்த உணவுகளைக் குறைக்குமாறு, குறிப்பாக முதல் ஆண்டில், அறிவுறுத்தப்படுகின்றது. செப்புக் குடத்தில் வைத்த நீரும் செப்புப் பாத்திரத்தில் சமைத்த உணவும் இவர்களுக்கு ஏற்றவையல்ல.

கல்லீரல் முற்றிலும் கெட்டவர்களுக்குக் கல்லீரல் மாற்று அறுவை மருத்துவம் செய்யப்படுகின்றது. மாற்றப்பட்ட கல்லீரலில் நலமான மரபணு இருப்பதால், செம்பு தேங்கும் குறைபாடும் அதனுடன் நீங்குகின்றது. நோயின் வேர் கல்லீரலில் உள்ளது என்ற வில்சனின் கருத்துக்கு இதுவும் ஒரு சான்றாகும். முறையாக மருந்து உட்கொண்ட பெண்கள் பலர் நலமான குழந்தைகளைப் பெற்றுள்ளனர்.

மதிப்பீடு

வில்சன் தம் நோயாளிகளுள் எவரையும் இந்நோயில் இருந்து காப்பாற்ற இயலவில்லை. காரணத்தை முழுமையாக அறியவும் இல்லை. ஆயினும் சிதறிக் கிடந்த நோயாளிகளின் வரலாறுகளை ஒன்று சேர்த்து, மூளையில் வெளிப்படும் நோய்க்குக் கல்லீரலிலும் விடை தேட வேண்டும் என்று காட்டினார். அவர் அவ்வாறு வரையறுத்த பின்னரே அந்நோயாளிகளின் திசுக்களில் செம்பைத் தேடவும், அதனை அகற்றும் மருந்தைக் காணவும், மரபணுவை இனங்காணவும் முடிந்தது. அவருடைய கட்டுரை வெளியானதற்கும் முதல் வாய்வழி மருந்து வந்ததற்கும் இடையே 44 ஆண்டுகள் கடந்தன.

வாழ்க்கைக் காலக்கோடு

- 1878 – நியூ ஜெர்சியில் பிறப்பு
- 1902 – எடின்பரோவில் மருத்துவப் பட்டம்
- 1904 – இலண்டன் தேசிய மருத்துவமனையில் சேர்தல்
- 1911 – ஆய்வேட்டிற்குத் தங்கப் பதக்கம்
- 1912 – பிரெயின் இதழில் கட்டுரை வெளியீடு
- 1913 – திருமணம்
- 1920 – ஆய்விதழ் தொடக்கம்
- 1925 – குரூனியன் சொற்பொழிவுகள்
- 1937 – இலண்டனில் மறைவு
- 1940 – நரம்பியல் பெருநூல் வெளியீடு